லோ சுகருக்குப் பயந்து ஏறிய பதினான்கு கிலோ

சுகர் வந்தால் உடம்பு இளைக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புகிறார்கள். அதனாலேயே சுகர்காரர் ஒருவர் சதை போட்டால் வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். நான் 64 கிலோவிலிருந்து 78 கிலோவுக்கு ஏறியபோது மாமியார் முதல் அடுத்த வீட்டு அக்கா வரை ஒருவரும் கவலைப்படவில்லை. "மாத்திரை நல்லா ஒத்துக்கிட்டுது, முகத்துல களை வந்திருக்கு" என்றார்கள். இன்று 65-க்கு இறங்கி, சுகரின் மூன்று மாதச் சராசரி 8.9-லிருந்து 6.4-க்கு வந்திருக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி என் நாத்தனார் கேட்கிறார்: "என்னத்தா இப்படி வத்திப் போயிட்ட? சுகர் முத்திருச்சோ?"

முத்தவில்லை. பந்தியில் நின்று விளக்கம் சொல்ல முடியாததால் இங்கே சொல்கிறேன்.

பெரியவர்கள் அப்படி நினைப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வைத்தியம் பார்க்காமல் சுகர் 300, 400 என்று கிடந்தால், ஏறத்தாழ 180-ஐத் தாண்டும் சர்க்கரை சிறுநீரில் இறங்கத் தொடங்கிவிடும். சாப்பிட்டது உடம்பில் தங்காது, ஆள் உருகிப்போவார். அவர்கள் பார்த்த சுகர்காரர்கள் அப்படி உருகியவர்கள். மாத்திரை தொடங்கியதும் அந்த ஒழுக்கு நின்றுவிடுகிறது. நேற்று வரை சிறுநீரில் போன கலோரி இன்று உடம்பில் சேர்கிறது. சாப்பாடும் வேலையும் மாறாமலேயே எடை ஏறுவது இதனால்தான். ஆகவே எடையை மட்டும் தனியாகப் பார்த்துப் பயனில்லை. எடை இறங்க இறங்கச் சுகர் ஏறினால் ஆபத்து, உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். எடையும் சுகரும் சேர்ந்து இறங்கினால் அது நல்ல காலம். என் நாத்தனார் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். சுகர்காரர் உள்ள வீடுகளில் பல பேர் அப்படித்தான் குழம்புகிறார்கள்.

நான் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது டீக்கும் சாப்பாட்டுக்கும்தான். விடியுமுன் எழுந்து நாலு பேருக்குச் சமைத்து, டப்பா கட்டி, எல்லாரும் போன பிறகு சட்டியில் மிஞ்சியதை நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொண்டு கிளம்புவேன். இதை வாசிக்கும் நீங்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

சுகர் தெரியவந்ததும் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். சீனியை நிறுத்தினேன், இனிப்பை நிறுத்தினேன். அதெல்லாம் எல்லாரும் செய்வதுதான். கதை ஒரு மதியத்தில் திசை மாறியது. அன்று சம்பளப் பட்டியல் முடிக்கிற அவசரத்தில் சாப்பாடு தள்ளிப்போனது. கை நடுங்கி, வேர்த்து ஊற்றி, எழுதுகிற எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கூட இருந்த பெண்கள் பதறிப்போய்க் கடலைமிட்டாயை உடைத்து என் வாயில் போட்டார்கள். எங்கள் ஊரில் அது இல்லாத கைப்பை உண்டா? மெதுவாகத்தான் தெளிந்தது. தெளிகிற வரை இன்னொன்று, இன்னொன்று என்று கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

சாயங்காலம் கிளினிக்குக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "வயித்தைக் காலியா விடாதீங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க ஏதாவது சாப்பிடுங்க" என்றார். எந்த மாத்திரையால் இது வந்தது, அளவைக் குறைக்கலாமா, ஏதாவது என்றால் எது, எவ்வளவு என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது. பதினோரு மணிக்கு மேரி பிஸ்கட் நாலு; சீனி கம்மியாம். நாலு மணிக்குப் பால் ஊற்றிய ராகிக் கஞ்சி, சுகருக்கு நல்லதாம். படுக்கப் போகுமுன் ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமும். ராத்திரி சுகர் லோ ஆகிவிடக் கூடாதாம். இதற்கு மேல் கைப்பையில் கடலைமிட்டாய். சோர்வாக இருந்தால் லோ, தலைவலித்தால் லோ, மேலதிகாரி திட்டி மனசு படபடத்தாலும் லோ. மாமியார் நடுச்சாமத்தில் எழுந்துவந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு வாய் குடிச்சுட்டுப் படு ஆத்தா" என்பார். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசத்தைக் கலோரியில் கூட்டிப் பார்த்தால் பிஸ்கட் 100, கஞ்சி 150, பாலும் பழமும் 200, கடலைமிட்டாய் ஒரு துண்டு 120. தினமும் ஐந்நூறுக்கு மேல். மூன்று வேளைச் சாப்பாட்டில் ஒரு பருக்கை குறையாமல், அதற்கு மேல் இது.

எடை ஏறியது. ஏறிய எடை வயிற்றில் உட்கார்ந்தது. வயிற்றில் கொழுப்பு சேரச் சேர இன்சுலின் வேலை செய்வது மட்டுப்படும்; அதனால் சுகர் ஏறியது. சுகர் ஏறியதும் மாத்திரையில் இருந்த கிளிமிபிரைடை 1 மில்லிகிராமிலிருந்து 2 மில்லிகிராம் ஆக்கினார்கள். மாத்திரை கூடியதும் லோ அடிக்கடி வந்தது. லோ வந்ததும் மறுபடி சாப்பாடு. இந்தச் சுற்றை யாராவது ஒரு இடத்தில் அறுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ரத்தம் எடுத்துப் பணம் வாங்கியவர்கள் ஒரு தடவைகூட என்னைத் தராசில் ஏறச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது.

இத்தனைக்கும் இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. பிரிட்டனில் சுகர்காரர்களை வைத்து நடந்த யு.கே.பி.டி.எஸ் ஆய்வின் முடிவு 1998-லேயே வெளிவந்துவிட்டது. இன்சுலின் போட்டவர்களுக்கு, உணவுக் கட்டுப்பாட்டை வைத்தே சமாளித்தவர்களைவிடச் சராசரியாக 4 கிலோ கூடியது. கிளிமிபிரைடின் குடும்பத்தைச் சேர்ந்த கிளிபென்கிளமைடு எடுத்தவர்களுக்கு 1.7 கிலோ. மெட்ஃபார்மினுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. மாத்திரை தன்னளவில் ஏற்றுவது ஒன்றிரண்டு கிலோதான் என்பதைக் கவனியுங்கள். மிச்சத்தை ஏற்றியது மாத்திரைக்குப் பயந்து தின்ற தீனி. அதற்காகக் கிளிமிபிரைடே ஆகாது என்று சொல்லவில்லை. விலை குறைவு, சுகரை நன்றாக இறக்கும், பல பேருக்கு அது தேவை. கொடுக்கிறவர்கள் லோ பற்றியும் எடை பற்றியும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

லோ சுகர் விஷயத்தில் எனக்குச் சொல்லப்படாததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முதலில் மீட்டரில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால்தான் லோ. ரொம்ப நாள் 250-லேயே கிடந்த உடம்புக்கு 120-க்கு இறங்கினால்கூடப் படபடப்பு வரும். அது பழக்கக் கோளாறு, லோ இல்லை, அதற்குச் சாப்பிடக் கூடாது. நான் பின்னால் குத்திப் பார்க்க ஆரம்பித்தபோது, லோ என்று நினைத்ததில் பெரும்பாலும் 110, 130 என்றே காட்டியது. நிஜமாகவே 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சீனியோ குளுக்கோஸோ தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிஷம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். கடலைமிட்டாய், பிஸ்கட், சாக்லேட் இதற்கு ஆகாது. கடலையில் உள்ள எண்ணெய்ச்சத்து இனிப்பு ரத்தத்தில் கலப்பதைத் தாமதமாக்கும். தெளியவில்லையே என்று மேலும் மேலும் தின்போம். ஒரு மணி நேரம் கழித்துச் சுகர் 250-ல் நிற்கும். எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; எனக்கும் பெருமைதான். ஆனால் லோ சுகருக்கு அது மருந்தில்லை. கையில் மீட்டர் இல்லாமல் நடுக்கமும் வேர்வையும் வந்தால் யோசிக்காமல் சீனித்தண்ணியைக் குடித்துவிடுங்கள், சோதனையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

அந்தக் கிளினிக்கை விட்டு வேறு டாக்டரம்மாவிடம் மாறினேன். "ஊர்ல பேர்பெற்ற டாக்டரை விட்டுட்டுப் போறியே" என்று வீட்டில் கேட்டார்கள். அந்த அம்மா முதலில் செய்தது, என் இடுப்பில் டேப் வைத்தது. 101 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பெண்களுக்கு 80-ம் ஆண்களுக்கு 90-ம் தாண்டக் கூடாது என்றார். உயரத்துக்கும் எடைக்கும் போடுகிற பி.எம்.ஐ கணக்கிலும் நமக்கு 23-லேயே அதிக எடை, 25-லேயே பருமன். வெள்ளைக்காரர்களுக்கு 25, 30. பார்வைக்கு ஒல்லியாகத் தெரிகிற நம் ஆட்களுக்கும் உள்ளே கொழுப்பு கூடுதல். புனே டாக்டர் யாஜ்னிக் 2004-ல் தன்னையும் லண்டனில் உள்ள தன் நண்பர் யுட்கினையும் ஒப்பிட்டு லான்செட்டில் எழுதினார்: இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ ஒரே 22.3. ஆனால் உடல் கொழுப்பு அவருக்கு 21.2 சதவீதம், நண்பருக்கு 9.1. என் கணவர் "எனக்குத் தொப்பை மட்டும்தானே" என்று சொல்லும்போதெல்லாம் இதை எடுத்துக் காட்டுகிறேன்.

ராத்திரி எதுவும் சாப்பிடாமல் படுத்தாலும் காலை வெறும் வயிற்றுச் சுகர் ஏன் 170 என்பது எனக்கு நெடுநாள் புரியாத புதிர். கல்லீரலில் கொழுப்பு படிந்தால் அது இன்சுலின் சொல்வதைக் கேட்காமல் இரவெல்லாம் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடும் என்று அந்த அம்மாதான் விளக்கினார். எடை குறைந்தால் முதலில் கரைவதும் அந்தக் கொழுப்புதான். இங்கிலாந்தின் நியூகாசிலில் உள்ள பேராசிரியர் ராய் டெய்லர் இதை வருஷக்கணக்காக ஆராய்ந்தவர். அவரும் சக ஆய்வாளர் மைக் லீனும் நடத்திய டைரக்ட் ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. அதில் சேர்ந்தவர்கள் சுகர் வந்து ஆறு வருஷத்துக்கு உட்பட்டவர்கள், இன்சுலினுக்குப் போகாதவர்கள். அவர்களில் 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்தில் மாத்திரையே இல்லாமல் சுகர் கட்டுக்குள் வந்தது. எனக்கு மெட்ஃபார்மின் தொடர்கிறது, கிளிமிபிரைடு நின்றுவிட்டது. வெறும் வயிற்றுச் சுகர் நூற்றுப்பத்தைத் தாண்டுவதில்லை.

"ஒரு நாளைக்கு வாய்க்குள்ள போறது அத்தனையும் எழுதிட்டு வாம்மா" என்றார் டாக்டரம்மா. கணக்கு எழுதுவது என் தொழில். டீயோடு வந்த அரை வடை, குழம்பு ருசி பார்த்த கரண்டி, மகன் வைத்துவிட்டுப் போன ஒன்றரைத் தோசை வரை எழுதினேன். நீங்களும் எழுதுங்கள். மனக்கணக்கு உதவாது, மனசு தனக்குப் பிடித்ததைக் கணக்கில் சேர்க்காது.

அடுத்தது சப்பாத்தி. என் நாத்தனார் வீட்டில் சுகர் வந்தவுடன் அரிசியை விரட்டிவிட்டுச் சப்பாத்தியைக் கொண்டுவந்தார்கள். எனக்கும் அதையே விதித்தார். ராத்திரி நாலு சப்பாத்தி, ஒவ்வொன்றுக்கும் எண்ணெய், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமா. இதற்கு மூன்று இட்லியும் சாம்பாரும் எவ்வளவோ மேல். அரிசியோ கோதுமையோ ராகியோ, 100 கிராமில் ஏறத்தாழ 65-லிருந்து 80 கிராம் வரை மாவுச்சத்துதான். ராகியில் சுண்ணாம்புச்சத்தும் நார்ச்சத்தும் கூடுதல், உண்மை. அதற்காக ஒரு சட்டி குடிக்கலாம் என்றில்லை. நான் வாயால் சொன்னபோது யாரும் கேட்கவில்லை. 2025-ல் நேச்சர் மெடிசின் இதழில், இந்தியா முழுவதும் நடந்த ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வின் உணவுக் கணக்கு வெளியானது. நாம் தின்னும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதம் 12 சதவீதம்தான். மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றுவதால் சுகர் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்று அதிலேயே இருக்கிறது. அந்தச் செய்தி வந்த பத்திரிகையை மடித்து நாத்தனார் கையில் கொடுத்தேன். அவர் படித்தாரா என்று கேட்கவில்லை. கொடுத்ததே எனக்குத் திருப்தி.

நான் அரிசியை விடவில்லை. வீட்டுக்கு வடிக்கிற அரிசியில் ஓர் உழக்கைக் குறைத்தேன். குறைத்த இடத்தைச் சும்மா விட்டால் பசி வந்து இழுக்கும். அங்கே பாசிப்பயறு, அவித்த முட்டை, கொண்டைக்கடலைச் சுண்டல், தூத்துக்குடியிலிருந்து வருகிற சாளை மீன் என்று வைத்தேன். சாளை மலிவு, பொரிக்காமல் குழம்பாக வைத்தால் போதும். தட்டில் காயையும் முட்டையையும் முதலில் தின்றுவிட்டுச் சோற்றை அப்புறம் தொடுகிறேன். அதனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் குறைவாக ஏறும் என்பதை நானே குத்திப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். எண்ணெயை ஊற்றிச் சமைப்பதை விட்டு, மாதத்துக்கு வீட்டுக்கு இரண்டு லிட்டர் என்று அளந்து வைத்தோம். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் 120 கலோரிக்குக் குறையாது. நல்லெண்ணெய், செக்கெண்ணெய் என்று பேர் மாறினால் கலோரி மாறாது.

கருப்பட்டியையும் சொல்லிவிட வேண்டும். கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடி உள்ள மாவட்டத்துக்காரர்களான எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி சுகருக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை அசைக்க முடியாதது. செய்யும். அதில் இருப்பதும் பெரும்பாலும் சீனியில் உள்ள அதே சர்க்கரைதான். குத்திப் பாருங்கள், மீட்டருக்கு நம் ஊர்ப்பாசம் கிடையாது.

வீட்டுப் பெண்களுக்குத் தனியாக ஒரு விஷயம். நம் எடை ஏறுவதில் ஒரு பங்கு சட்டியிலும் தட்டிலும் மிஞ்சியதால் வருகிறது. குழந்தை வைத்த இட்லி, கணவர் வேண்டாம் என்ற தோசை, நாளைக்குக் கெட்டுவிடும் என்று வழித்துத் தின்ற கூட்டு. சோற்றை வீணாக்கினால் பாவம் என்று வளர்ந்தவள் நான், இன்றும் வீணாக்குவதில்லை. ஆனால் என் வயிறு குப்பைத்தொட்டி இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மிஞ்சினால் அடுத்த தெரு மாட்டுத் தொட்டிக்குப் போகும். இரண்டு வாரத்தில் அளந்து சமைக்கப் பழகிக்கொண்டோம், மிஞ்சுவதே குறைந்துவிட்டது. எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் பத்து மணிக்குச் சாப்பிடுவதையும் நிறுத்தினேன். ஏழரைக்கு நான் சாப்பிட்டுவிடுவேன். பிறகு வருகிறவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். இதில் மாமியாருக்கு வருத்தம்தான். அந்த வருத்தத்துக்காக நான் மறுபடி 78 கிலோ ஆக முடியாது.

நடை பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். காலையில் மைதானத்தில் கூட்டமாக நடந்துவிட்டு, முடிந்ததும் டீக்கடையில் உளுந்த வடையோடு உட்காருகிறவர்களை எனக்குத் தெரியும். அரை மணி நடையில் செலவாகும் நூற்றுச் சொச்சம் கலோரியை ஒரு வடை திருப்பிக் கொடுத்துவிடும். எனக்குக் காலையில் மைதானத்துக்குப் போக நேரமில்லை. மூன்று வேளையும் சாப்பிட்டதும் பத்துப் பதினைந்து நிமிஷம் நடக்கிறேன். ஆபீஸில் குச்சி காயப்போடுகிற முற்றமே போதும். சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சுகரை அது அப்போதே பிடித்துவிடுகிறது. சீரியல் பார்ப்பதைக் குறைத்துப் பத்து மணிக்குப் படுக்கிறேன். தூக்கம் கெட்ட மறுநாள் பசி கூடுவதைச் சாப்பாட்டு நோட்டில் பார்த்திருக்கிறேன்.

கல்யாண வீடுகளுக்கு இப்போதும் போகிறேன். மொய் எழுதுகிறேன், பந்தியில் உட்காருகிறேன், காய்களையும் கொஞ்சம் சோற்றையும் சாப்பிட்டு இலையை மடிக்கிறேன். அவமரியாதை என்கிறார்கள். சுகரால் காலில் புண் வந்து விரலை எடுத்த சித்தப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தவள் நான். அன்றைக்குப் பந்தி பரிமாறியவர்கள் ஒருவரும் அங்கே வரவில்லை.

இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து சோற்றைப் பாதியாக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. நீங்கள் எடுப்பது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையோ இன்சுலினோ என்றால், டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். பழைய அளவு மருந்துக்குப் புதிய அளவு சாப்பாடு போதாமல் நிஜமான லோ வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் அநேகமாக இல்லை. ஒரு வாரச் சாப்பாட்டு நோட்டு, மீட்டரில் எழுதிய எண்கள், தராசு காட்டிய எடை, இடுப்பளவு ஆகிய நான்கையும் மேஜையில் வைத்து, "நான் எடை குறைக்கப் போறேன், மாத்திரையை எப்படி மாத்தணும்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை என்றால் டாக்டரை மாற்றுங்கள்.